மறித்ததற்கான தண்டனை

கடையின் பின்பக்கம், மேல்மாடிக்கு ஏறும் குறுகலான படிக்கட்டின் முதல் படியில், ஒரு வெங்காய மூட்டையை ஒதுக்கி வைத்துவிட்டு, பேருந்துக்குக் காத்திருப்பவரைப்போல அந்தக் கடைக்காரர் உட்கார்ந்துகொண்டார். லண்டனில் நான் பார்க்கும் இந்த வேலையில் எத்தனையோ பேர் என்னைத் தடுக்கப் பார்த்திருக்கிறார்கள். கத்தியவர்கள் உண்டு. சாவி தொலைந்துவிட்டது என்றவர்கள் உண்டு. தானே முதலாளியாக இருந்துகொண்டு, முதலாளி ஊரில் இல்லை என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னவரும் உண்டு. உட்கார்ந்து தடுத்தவர் அவர் ஒருவர்தான். கோபமில்லை, கெஞ்சலில்லை. முழங்கால்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, "மேலை விட ஏலாது, தங்கச்சி" என்றார்.

நான் திருச்சிக்காரி. கல்யாணமாகி இங்கே வந்து, மறுபடியும் படித்து, தென் லண்டனில் ஒரு கவுன்சிலில், அதாவது அந்தப் பகுதி உள்ளாட்சியில், உணவுச் சுகாதார அதிகாரியாகச் சேர்ந்தேன். டூட்டிங் பக்கத்து யாழ்ப்பாணக் கடைக்காரர்கள் எங்களை இன்னமும் பி.எச்.ஐ. என்றுதான் சொல்வார்கள், இலங்கையில் சுகாதாரப் பரிசோதகருக்கு அந்தப் பெயர். கடை திறந்திருக்கும் நேரத்தில் முன்னறிவிப்பு இல்லாமல் உள்ளே போகலாம், சமையலறையையும் சரக்கு அறையையும் பார்க்கலாம். அதற்கு நீதிமன்ற உத்தரவு தேவையில்லை, அடையாள அட்டை போதும். வேண்டுமென்றே தடுப்பது குற்றம். அபராதம் உண்டு, மூன்று மாதம்வரை சிறையும் கொடுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. புதிதாக வேலைக்கு வந்தபோது இந்த அதிகாரத்தை நினைத்து எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. பெரும்பாலான கடைகளில் அதைச் சொல்லிக்காட்ட வேண்டிய அவசியமே வராது.

கடைக்கார அண்ணைக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கும். எல்லோரும் அவரை அண்ணை என்றே கூப்பிட்டார்கள், அவரைவிட மூத்தவர்கள்கூட. முன்னால் மளிகைச் சாமான், மரவள்ளிக்கிழங்கு, ஊரிலிருந்து வந்த கருவாடு. பின்னால் ஒரு சின்னச் சமையலறை, அங்கே அவருடைய மனைவி ரோல்சும் வடையும் போடுவார். பின் சந்தில் எலி ஓடுகிறது என்று யாரோ புகார் கொடுத்திருந்ததால் நான் போனேன். வேலையை ஆங்கிலத்தில்தான் தொடங்கினேன், அது என் வழக்கம். அவரும் மரியாதையாகக் கூடவே வந்து குளிர்பெட்டியைத் திறந்து காட்டினார், எண்ணெய்ச் சட்டியைக் காட்டினார், கை கழுவும் இடத்தைக் காட்டினார். குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருடைய மனைவி எனக்குப் பால் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மீதம் இருந்தது மேல்மாடிச் சரக்கு அறை மட்டும்தான். கடையின் பதிவில் அது அரிசி மூட்டை வைக்கும் இடம் என்று இருந்தது. இவ்வளவு நல்ல மனிதரிடம் எதற்கு ஆங்கிலம் என்று நினைத்து, "அண்ணே, கீழ எல்லாம் ரொம்ப நல்லா இருக்கு. மேல ஸ்டோர் ரூமை ஒரு தடவை பாத்துட்டுக் கிளம்பிடுறேன்" என்றேன்.

தமிழில் பேசினால் முகம் மலரும் என்பதுதான் என் அனுபவம். அவர் முகம் அப்படியே இறுகிவிட்டது. தேநீர்க் கோப்பையோடு வந்த அவர் மனைவி பாதி வழியில் நின்றார்.

"நீங்கள் தமிழோ?"

"ஆமா அண்ணே. திருச்சி."

"கார்ட்டை இன்னொருக்காக் காட்டுங்கோ."

காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகுதான் போய் அந்தப் படியில் உட்கார்ந்தார். சந்தேகமிருந்தால் கவுன்சிலுக்குப் போன் பண்ணிக் கேட்கலாம் என்றேன். அட்டையில் இருந்த எண்ணை அவர் நம்பவில்லை. கடைக்கு வந்த பழைய கவுன்சில் கடிதத்தை எடுத்து, அதிலிருந்த எண்ணை அழைத்து, என் பெயரையும் என் தோற்றத்தையும் சொல்லிக் கேட்டார். அங்கே என் மேலாளரே பேசினார். அண்ணை 'ஓகே, ஓகே' என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தார்.

"நீங்கள் உண்மையான ஆள்தான். குறை நினையாதேங்கோ. ஆனா மேலை விட ஏலாது."

எனக்கு இது புரியவில்லை. போலி என்று நினைத்துத் தடுத்தவர், உண்மை என்று தெரிந்த பிறகு வழிவிட வேண்டும் அல்லவா? மேலே அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டேன். "சாமான்" என்றார். அப்படியானால் காட்டுவதில் என்ன என்று கேட்டேன். படியைவிட்டு அசையவில்லை. எங்களுக்கு ஒரு எச்சரிக்கை வாசகம் உண்டு. அதிகாரியின் பணியைத் தடுப்பது குற்றம், வழக்குத் தொடரப்படலாம் என்பது. அதை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, தமிழிலும் சொன்னேன். தலையைக் குனிந்து முழுவதையும் கேட்டார்.

"விளங்குது. எழுதுங்கோ. நான் மறிச்சனான் எண்டே எழுதுங்கோ."

எழுதினேன். தேநீரைக் குடிக்காமலே வெளியே வந்தேன்.

அடுத்த வாரம் மாஜிஸ்திரேட்டிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு, ஒரு போலீஸ்காரரோடு திரும்பப் போனோம். இந்த முறை அண்ணை எழுந்து வழிவிட்டார். மேலே இரண்டு அறைகள், ஒரு குளியலறை. ஒன்றில் அரிசி மூட்டைகள் தரையில் படாமல் பலகைமேல் அடுக்கியிருந்தன. மற்றதில் ஒரு கட்டில், துவைத்து விரித்த படுக்கை, திறந்த ஜன்னல். ஆளில்லை. எலி இல்லை, எலிப் புழுக்கை இல்லை, காலாவதியான சரக்கு இல்லை. நான் பார்த்த சரக்கு அறைகளில் அதைவிடச் சுத்தமானது குறைவு. போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். குறையில்லை என்று படிவத்தில் எழுதினேன்.

மேலே ஒன்றும் இல்லாதபோது வழக்கு எதற்கு என்று அலுவலகத்தில் நானே கேட்டேன். மேலாளர் கொடுமைக்காரர் அல்ல; நிதானமான மனிதர். அன்றைக்கு மேலே என்ன இருந்தது என்று நமக்குத் தெரியாது, அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பைத்தான் அவர் தடுத்தார், அதுதான் குற்றம் என்றார். ஒரு கடைக்காரருக்கு அதை விட்டுக்கொடுத்தால், அழுகிய கோழியை வைத்திருப்பவரும் ஒரு வாரம் படியில் உட்கார்ந்துவிட்டு, அறையைக் கழுவிவிட்டு நம்மைக் கூப்பிடுவார் என்றார். அதை மறுக்க என்னால் முடியவில்லை. இன்றைக்கும் மறுக்க மாட்டேன்.

மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மூன்று பேர் அமர்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த அம்மையார் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அண்ணையைப் பார்த்தார். சாட்சி தேவைப்பட்டால் கூப்பிடுவார்கள் என்பதால் நானும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அண்ணை சாம்பல் நிறக் கோட்டு போட்டு வந்திருந்தார். தோளில் அது பெரிதாகத் தொங்கியது. குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அந்த அம்மையாருக்கு அது போதவில்லை. கீழே எல்லாவற்றையும் காட்டியிருக்கிறீர்கள், அதிகாரி உண்மையானவர் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டிருக்கிறீர்கள், மேலேயும் பிறகு குறையொன்றும் இல்லை, பின்னே ஏன் தடுத்தீர்கள் என்று கேட்டார். அந்தக் கேள்வியில் கருணை இருந்தது. ஒரு காரணம் சொல்லுங்கள், எடுத்துக்கொள்கிறோம் என்பதுபோல. மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார். அண்ணை பொதுமக்கள் இருக்கைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அங்கே அவருடைய மனைவியும், கொஞ்சம் தள்ளி எனக்குத் தெரியாத ஓர் இளைஞனும் இருந்தார்கள்.

"சொல்ல ஏலாது, அம்மா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர்கள் தங்களுக்குள் பேசிவிட்டு அபராதமும் வழக்குச் செலவும் விதித்தார்கள். காரணமே சொல்ல மறுப்பது அவருக்கு உதவவில்லை என்றும், இன்னொரு முறை நடந்தால் சிறையைப் பற்றியும் யோசிக்க வேண்டிவரும் என்றும் அந்த அம்மையார் சொன்னார். வெளியே தாழ்வாரத்தில் அண்ணையின் மனைவி என்னிடம் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "நீங்கள் உங்கடை வேலையைச் செய்தனீங்கள்" என்றார். பிறகு, கைப்பையின் வாரைச் சுருட்டிக்கொண்டே, "சிட்டிசன்ஷிப்புக்குப் போட எல்லாம் ஆயத்தமா வைச்சிருந்தவர். இப்ப இந்தத் தீர்ப்போடை போட்டாத் தள்ளிப்போடுவினமாம், சில வருசம் பொறுக்கவேணும் எண்டு லோயர் சொல்லுறார்" என்றார். அகதியாக வந்து, இருபது வருடத்துக்குமேல் வரி கட்டி, ஒரு பார்க்கிங் அபராதம்கூட வாங்காத மனிதர் என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு ஒரு பிற்பகலில், வரவேற்பு மேசையில் ஒரு பெண் என் பெயரைச் சொல்லிக் காத்திருப்பதாகக் கூப்பிட்டார்கள். முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவர்கள் போடும் நீலச் சட்டை, முப்பது வயதுக்குள். தனியாகப் பேசலாமா என்று கேட்டாள். சின்ன அறை ஒன்றில் உட்கார்ந்ததும், முன்னுரை எதுவும் இல்லாமல் சொன்னாள்:

"அக்கா, அண்டைக்கு நீங்கள் வரேக்கை மேலை இருந்தது நான்தான்."

வவுனியாவிலிருந்து கல்யாணமாகி வந்தவள். புருஷனுடைய விசாவில் இருந்தாள். வீட்டில் அடி. சாமான் வாங்கப் போகிற கடை என்பதைத் தவிர அந்தக் கடையோடு எந்த உறவும் இல்லை. ஒருநாள் வீங்கிய முகத்தோடு போய், கொஞ்ச நேரம் உள்ளே இருக்கலாமா என்று அண்ணையின் மனைவியிடம் கேட்டிருக்கிறாள். அப்படியே மேலே கூட்டிப்போய்ப் படுக்க வைத்தார்களாம். லண்டனுக்கு வெளியே பெண்கள் காப்பகம் ஒன்றில் இடம் கேட்டுவிட்டு, அது கிடைக்கும்வரை அங்கேயே இருந்திருக்கிறாள். எவர் கேட்டாலும் நீ இங்கே இல்லை என்று அண்ணை வாக்குக் கொடுத்திருந்தார்.

"உங்களுக்கு முந்தின கிழமை ஒரு பொம்பிளை வந்தவ. கழுத்திலை கார்ட். தான் கவுன்சிலாம், மேலை பார்க்கவேணுமாம் எண்டு தமிழிலை கேட்டவ. எனக்கு அந்தக் குரல் தெரியும். என்ரை மனுசன்ரை தமக்கை. அண்ணை கதைச்சு அனுப்பிப்போட்டார். பிறகு நீங்கள் வந்து, அதே மாதிரித் தமிழிலை, அதே கதை. நான் பாத்ரூமைப் பூட்டிக்கொண்டு உள்ளுக்கை இருந்தனான்."

"நான் உண்மையான ஆளுன்னு போன் பண்ணித் தெரிஞ்சுக்கிட்டாரே?"

"ஓம். ஆனா எங்கடை ஆக்களுக்குள்ளை ஒரு கதை நிக்காதெல்லோ, அக்கா. நீங்கள் நல்ல ஆளா இருப்பீங்கள். உங்கடை சினேகிதிக்குச் சொல்லுவீங்கள், அவ கோயிலிலை இன்னொருத்தருக்குச் சொல்லுவா."

அவள் சொன்னது சரி. அன்று மாலை நான் என் கணவரிடம், டூட்டிங்கில் ஒரு விசித்திரமான கடைக்காரர் மேல்மாடியில் எதையோ ஒளித்து வைத்திருக்கிறார் என்று சொல்லியிருந்தேன். நான் போன மறுநாளே காப்பகத்தில் இடம் கிடைத்து அவளைக் கூட்டிப்போயிருக்கிறார்கள். நீதிமன்றத்தில் நான் பார்த்த இளைஞன் அவளுடைய புருஷனின் தம்பியாம். அண்ணை என்ன சொல்கிறார் என்று கேட்கத்தான் வந்திருந்தான்.

எனக்கு அப்போது தலையில் ஓடியது சட்டம்தான். கடை, சமையலறை, சரக்கு அறை என்றால் நாங்கள் எப்போதும் நுழையலாம். ஒருவர் வீடாக மட்டும் பயன்படுத்தும் இடம் என்றால் ஒருநாள் முன்னதாக அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் நுழையும் உரிமை எங்களுக்குக் கிடையாது. 'அந்த அறையில் ஒரு ஆள் குடியிருக்கிறார்' என்று அண்ணை சொல்லியிருந்தால் நான் அரிசி மூட்டையை மட்டும் பார்த்துவிட்டு, மற்ற அறைக்கு மறுநாள் வருகிறேன் என்று திரும்பியிருப்பேன். மறுநாள் அவள் அங்கே இருந்திருக்கவும் மாட்டாள். அவரைக் காப்பாற்றக்கூடிய ஒரே வாக்கியம் அதுதான். அதைத்தான் சொல்லக்கூடாது என்று அவர் வாய்மூடி இருந்தார்.

அவள் என்னைத் தேடி வந்ததும் அந்தத் தீர்ப்புக்காகத்தான். அவளுக்கு இப்போது தனி விசா கிடைத்துவிட்டது. புருஷன் அருகே வரக்கூடாது என்று நீதிமன்றத் தடையும் இருந்தது. கிழக்கு லண்டனில், செவன் கிங்ஸில், ஒரு அறை எடுத்து இருந்தாள். அண்ணையின் மேலிருக்கும் தீர்ப்பை மாற்ற முடியுமா, நான் வந்து சொல்கிறேன் என்றாள். எங்கள் சட்டப் பிரிவில் கேட்டேன். வழக்கை மறுபடி திறக்கச் சொல்லி அவர் மனு போடலாம், இப்படி ஒரு காரணம் இருந்தால் கவுன்சில் எதிர்க்காது என்றார்கள். அந்தச் சனிக்கிழமை, அதிகாரியாக இல்லாமல், பை ஒன்றை எடுத்துக்கொண்டு சாமான் வாங்குபவளாக அந்தக் கடைக்குப் போனேன். நல்ல செய்தி கொண்டுபோகிறோம் என்ற உற்சாகம் எனக்கு.

நான் சொன்னதை அண்ணை தேங்காய் துருவிக்கொண்டே கேட்டார். நான் சொல்லி முடித்ததும், "வேண்டாம், தங்கச்சி" என்றார். "நான் மறிச்சனான். அது நடந்ததுதானே."

"அதுக்குக் காரணம் இருந்துச்சே அண்ணே. அந்தக் காரணத்தைக் கோர்ட்டே ஏத்துக்கும்."

"அந்தக் காரணம் ஒரு பொம்பிளைப்பிள்ளை. அவ பொலிசுக்குச் சொன்னவ. டொக்டருக்குச் சொன்னவ. ஹோம் ஓபிசுக்குச் சொன்னவ. குடும்பக் கோட்டிலை, அவன்ரை ஆக்கள் முன்னாலை இருக்க, திருப்பியும் சொன்னவ. இனி என்ரை சிட்டிசன்ஷிப்புக்காகவும் ஒருக்கா அதெல்லாத்தையும் சொல்லவேணுமோ?"

கல்லாவில் இருந்த அவர் மனைவி, "இதுதான் எனக்கும் மறுமொழி. நான் கேட்டுக் களைச்சுப்போனன்" என்றார்.

அந்தப் பெண்ணுக்குப் போனில் சொன்னேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டாள். "சொல்லுறது நான்தானே, அக்கா? எனக்குச் சொல்ல ஏலும் எண்டுதானே வந்தனான். அண்ணை இன்னமும் என்னை மேலையே ஒளிச்சு வைச்சிருக்கிறார்" என்றாள். அதற்குப் பிறகு சில மாதங்கள் அவள் அந்தக் கடைக்குப் போகவில்லை என்று அறிந்தேன். அவர் பக்கம் நியாயமா, அவள் பக்கம் நியாயமா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அவருடைய மௌனம் அவளைக் காப்பாற்றியது. காப்பாற்றி முடித்த பிறகும் அவர் அதை விட்டுவிடவில்லை, அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் தேங்காய் துருவும் அந்தக் கை ஒரு நொடிகூட நிற்காமலே அவர் 'வேண்டாம்' என்றதை நினைத்தால், அவரைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

இப்போது நான் புதிதாகச் சேர்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்தில் இருக்கிறேன். எச்சரிக்கை வாசகத்தைத் தெளிவாகச் சொல்லக் கற்றுக்கொடுக்கிறேன். தடுப்பவர்மேல் வழக்குப் போடத் தயங்காதீர்கள் என்றும் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று செய்யச் சொல்கிறேன். மாடி அறையோ பின்னறையோ பார்க்கப் போகும்போது, கடைக்காரரைத் தனியாக அழைத்து, மெதுவான குரலில் இதைச் சொல்லுங்கள்: 'அங்கே யாராவது குடியிருந்தால், யார் என்று எனக்குத் தெரிய வேண்டாம். வீடு என்று மட்டும் சொல்லுங்கள். அறிவித்துவிட்டு இன்னொரு நாள் வருகிறேன்.' சட்டத்தில் இருப்பதுதான். கேட்டால் சொல்வோம் என்று வைத்திருந்ததை இப்போது கேட்காமலே சொல்கிறோம், அவ்வளவே. எலி வளர்ப்பவர்களுக்கு இது வசதியாகிவிடாதா என்று ஒரு இளம் அதிகாரி கேட்டார். ஓரிருவருக்கு ஆகலாம் என்றேன்.

சட்டம் சொன்ன வருடங்களை அண்ணை காத்திருந்து முடித்தார். போன வசந்தத்தில் அவருக்குக் குடியுரிமை கிடைத்தது. விழா எங்கள் அலுவலகம் இருக்கும் அதே கட்டடத்தின் பெரிய மண்டபத்தில் நடந்தது. மதிய உணவு நேரத்தில் இறங்கிப்போய்க் கடைசி வரிசையில் நின்றேன். பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து உறுதிமொழி எடுத்தார்கள். இந்த நாட்டின் சட்டங்களை உண்மையாகக் கடைப்பிடிப்பேன் என்ற வரி வந்தபோது, அண்ணை தன் யாழ்ப்பாண ஆங்கிலத்தில் அதை ஒவ்வொரு எழுத்தாக, மற்றவர்கள் முடித்த பிறகும் ஒரு நொடி நீட்டிச் சொன்னார். கோட்டு இப்போது தோளுக்குச் சரியாக இருந்தது. இத்தனை வருடத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தார்.

வெளியே புல்வெளியில் அந்தப் பெண் ஒரு கேக் பெட்டியோடு காத்திருந்தாள். அவர்கள் எப்போது பேசத் தொடங்கினார்கள் என்று நான் கேட்கவில்லை. மேசை எதுவும் இல்லாததால், மதில்மேல் பெட்டியை வைத்து அவள் கேக்கை வெட்டினாள். எனக்கும் ஒரு துண்டு வந்தது.

"அண்ணே, இப்பத்தான் சட்டத்தை மதிப்பேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கீங்க" என்று சும்மா சீண்டினேன். "இனிமே கவுன்சில்ல இருந்து யாராவது வந்து மேல பாக்கணும்னா என்ன செய்வீங்க?"

அவர் கேக்கை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்.

"கார்ட்டைப் பார்ப்பன். கவுன்சிலுக்கு அடிச்சுக் கேப்பன்."

"அப்புறம்?"

"அது மேலை ஆர் இருக்கினம் எண்டதைப் பொறுத்தது."

அவர் மனைவி தலையில் கைவைத்துக்கொண்டார். அந்தப் பெண் கத்தியைக் கையில் பிடித்தபடியே நிமிர்ந்தாள்.

"முதல்லை மேலை இருக்கிற ஆளிட்டைக் கேளுங்கோ, அண்ணை."

அண்ணை கையிலிருந்த மீதிக் கேக்கை மதில்மேல் வைத்தார்.

"ஓம்" என்றார். "கேட்டுப்போட்டுத்தான் மறிப்பன்."